கம்புகளைக் கோயிலில் வைத்த தவக்காலம்

கல் விழுகிறது.

குருத்து ஞாயிறு. பவனி வாய்க்கால் பாலத்துக்கு வந்துவிட்டது. என் கையில் குருத்தோலை. பக்கத்தில் மகள் ஆக்னஸ். பாட்டின் இரண்டாம் அடி போய்க்கொண்டிருக்கிறது. முதல் கல் பாலத்துக்குக் கீழே விழுந்தது. வாய்க்காலில் தண்ணீர் இல்லை. மேட்டூர் அணையை அடைத்து வெகுநாளாகிறது. காய்ந்த சேற்றில் தொப்பென்று ஒரு சத்தம். பக்கத்தில் தென்னந்தோப்பு. தேங்காய் விழுகிறது என்று நினைத்தேன். இரண்டாவது கல் பாலத்தின் சிமெண்டுக் கட்டையில் பட்டது. அது வேறு சத்தம். மூன்றாவது கல் ஒரு மனிதத் தலையில் பட்டது. அந்தச் சத்தத்தை எழுத எனக்குத் தெரியவில்லை.

"ஓடுங்க! வயல்ல எறங்குங்க!"

ஆக்னஸின் கையைப் பிடித்து இழுக்கிறேன். உளுந்து வயல். பறிக்கிற பருவம். காய்ந்த நெற்றுகள் காலில் பட்டுப் படபடவென்று வெடிக்கின்றன. ஒரு செருப்பு போய்விட்டது. பின்னால் ஒலிபெருக்கியில் பாட்டு இன்னும் கேட்கிறது. பாடியவர்கள் ஓடிவிட்டார்கள். செல்போனில் பதிவு செய்த பாட்டு மட்டும் தன் போக்கில் போகிறது.

"தலையக் குனி! ஆக்னஸ், தலையக் குனிடி!"

மோட்டார் கொட்டகை. உள்ளே புகுந்தோம். ஆறேழு பெண்கள் ஏற்கெனவே இருந்தார்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அதன்மேல் கல் விழும்போது தகரம் மாதிரி அதிராது. ஒரே வெடிப்பு. பிறகு தூள் கொட்டும். கண்ணில், வாயில், தலையில். ஒருத்தி ஜெபமாலை சொல்கிறாள். இன்னொருத்தி கெட்ட வார்த்தை சொல்கிறாள். இரண்டும் ஒரே வேகத்தில் போகின்றன.

சுவரில் பைப் போகிற ஓட்டை இருக்கிறது. அதில் கண்ணை வைக்கிறேன். பாலம் தெரிகிறது. பாலத்தில் என் கணவர் சவரி நிற்கிறார். பவனியின் சிலுவையைச் சுமந்து வந்தவர் அவர். ஆள் உயரச் சிலுவை. இரண்டு கையாலும் பிடித்திருக்கிறார். அவர் கத்துவது இங்கே கேட்கிறது.

"நம்ம ஆளுங்க யாரும் கை ஓங்காதீங்க! யாரும் ஓங்காதீங்க!"

முகத்தில் துண்டு கட்டிய ஒருவன் முன்னால் வந்தான். கையில் கம்பு. கம்பின் நுனியில் வெண்கலப் பூண் மின்னியது. அதற்குக் கீழே கறுப்பு டேப். அந்தக் கம்பை எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் எத்தனையோ வருடம் சாய்ந்து நின்ற கம்பு. வேப்பெண்ணெய் போட்டு என் கணவர் தன் கையால் துடைத்து வைத்த கம்பு.

ஓங்கியவன் பெயரை எழுத மாட்டேன். வழக்கு நடக்கிறது.

பத்திரிகைக்காரர்கள் இதை மோதல் என்று எழுதினார்கள். 'இருதரப்பினர் மோதல்.' அதிகாரிகள் சட்டம் ஒழுங்குப் பிரச்சினை என்றார்கள். பங்குச் சாமியார் துயரச் சம்பவம் என்றார். நான் போர் என்கிறேன். தெருவை விட்டு ஓடியிருக்கிறேன். கூரை என் தலையில் கொட்டியிருக்கிறது. அதற்கு என்ன பெயர் வைப்பது என்று வீட்டுக்குள் உட்கார்ந்து டிவி பார்த்தவர்கள் எனக்குச் சொல்ல வேண்டாம்.

எங்கள் ஊர் தாராசுரத்திலிருந்து உள்ளே போகிற மினி பஸ் கடைசியாக நிற்கிற இடம். ஊர் முழுக்கக் கிறிஸ்தவர்கள். ஒரே கோயில். ஒரே சுரூபம். ஒரே நற்கருணை. நடுவில் ஒரு வாய்க்கால். கோயில் இருக்கிற பக்கம் மேலத்தெரு. பாலத்துக்கு இந்தப் பக்கம் கீழத்தெரு. நாங்கள். எங்கள் தாத்தாக்கள் அவர்கள் நிலத்தில் பண்ணைக்கு இருந்தவர்கள். இன்று எங்கள் தெருவில் நர்ஸ் இருக்கிறாள், வாத்தியார் இருக்கிறார், சிங்கப்பூரில் வேலை பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். கொஞ்சம் நிலமும் இருக்கிறது. நானே கும்பகோணத்தில் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். பார்மசி படித்தவள். எல்லாம் மாறிவிட்டது. திருவிழாச் சப்பரம் மட்டும் பாலம் வரைக்கும் வந்து திரும்பிப் போகும். புனிதருக்கு எங்கள் தெருக் காற்று ஒத்துக்கொள்ளாது போலிருக்கிறது.

இதைக் கேட்டுத்தான் சண்டை. என் மாமனார் காலத்தில் சண்டை. என் கணவர் காலத்தில் சண்டை. திருவிழா வந்தால் இரண்டு தெருவிலும் கம்புக்கு எண்ணெய் போடுவார்கள். கொடி ஏறுமுன் கம்பு ஏறிவிடும்.

என் கணவர் அறுவடை மெஷின் ஓட்டுகிறவர். நல்ல மனுஷன். ஆனால் கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். சோற்றில் உப்பு குறைந்தால் தட்டு பறக்கும். அரை மணி நேரம் கழித்து அவரே வந்து பருக்கையைப் பொறுக்குவார். "பொறுக்குறதுக்கு எறியாமலே இருக்கலாம்ல?" என்று கேட்பேன். சிரிப்பார். கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பில் தலையான பாவங்கள் ஏழையும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறவள் நான். கோபத்துக்கு உதாரணம் தேடி வெளியே போக வேண்டிய அவசியம் எனக்கு இருந்ததில்லை.

அந்த வருடம் சம்பா அறுவடையில் மெஷினோடு போகிற உதவி ஆளை அறைந்துவிட்டார். டீசல் கேனைத் திறந்து வைத்துவிட்டான் என்று. அறை காதில் விழுந்தது. சில நாள் கழித்து மன்னிப்புக் கேட்க அவன் வீட்டுக்குப் போனார். அவன் வாசலுக்கு வந்து சிரித்தான். "என்னண்ணே சொல்றீங்க? இந்தப் பக்கம் வந்து சொல்லுங்கண்ணே" என்று மறுபக்கக் காதைக் காட்டினான். இவர் திரும்பி வந்துவிட்டார். அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாளும் சரியாகச் சாப்பிடவில்லை. நான் ஏதோ காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்தேன்.

திருநீற்றுப் புதன் அன்று புதுச் சாமியார் பிரசங்கம் வைத்தார். சின்ன வயசு. குருப்பட்டத்தில் கையில் பூசிய எண்ணெய்கூடக் காயாதவர். கறி மீன் விடுவது பெரிய ஒறுத்தல் இல்லை என்றார். கோபத்தை விடுங்கள் என்றார். கோபம் மனசில் இருக்கிறது என்று சொல்லித் தப்பிக்காதீர்கள், அது உங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் சாய்ந்து நிற்கிறது, எடுத்து வாருங்கள் என்றார். வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையில் அதைக் கொண்டுவந்து பீடத்தின் முன்னால் வையுங்கள் என்றார். கோயிலில் ஃபேன் சத்தம் மட்டும்.

வெள்ளிக்கிழமை முதல் ஆளாக என் கணவர் போனார். பூண் போட்ட கம்பைப் பீடத்தின் முன் வைத்து முழங்காலில் நின்றார். அவர் தம்பி அற்புதம் எனக்குப் பக்கத்தில் நின்றான். "அண்ணி, அண்ணனுக்குப் பைத்தியமா?" என்றான். ஆனால் அண்ணன் வைத்ததும் அவனும் போய் வைத்தான். அண்ணன் மேல் அப்படி ஒரு பயம், அப்படி ஒரு பாசம். அடுத்த வெள்ளிக்குள் எங்கள் தெருவே வைத்துவிட்டது. கம்பு, வேல்கம்பு, அரிவாள். மேலத்தெருவிலும் சிலர் கொண்டுவந்தார்கள். பேருக்கு. உளுத்துப்போன கம்பாகப் பார்த்துத் தேடி எடுத்து வந்த மாதிரி இருந்தது. அதைச் சொன்னதற்கு என் கணவர் என்னை முறைத்தார். பிறகு முறைத்ததற்கும் வருத்தப்பட்டார்.

அந்தத் தவக்காலத்தில் அவருக்குக் கோபம் வந்தால் எழுந்து கொல்லைக்குப் போய்விடுவார். அடிபம்பில் தண்ணீர் அடிப்பார். கோபம் இறங்கும் வரை அடிப்பார். குடம், அண்டா, வாளி, மாட்டுத் தொட்டி எல்லாம் ரொம்பி வழியும். "அப்பா யார் மேலயோ கோவமா இருக்காங்கம்மா, பம்பு சத்தம் கேக்குது" என்பாள் ஆக்னஸ். எங்கள் வீட்டில் தண்ணீருக்குப் பஞ்சமே இல்லை. நான் கேலி செய்தேன். உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். என் கல்யாண வாழ்க்கையில் நல்ல நாட்கள் அவைதான். அதை இங்கே எழுதாமல் விட எனக்கு மனசில்லை.

கம்புகளை எல்லாம் பீடத்துக்குப் பக்கத்து அறையில் அடுக்கினார்கள். திருவுடைகளும் மெழுகுவர்த்திகளும் இருக்கிற அறை. அதன் சாவி எப்போதும் கோயில்பிள்ளையிடம் இருக்கும். மணி அடித்து, மெழுகுவர்த்தி ஏற்றி, கோயிலைத் திறந்து பூட்டுகிற லூர்துசாமி. மேலத்தெருக்காரர். வயதானவர். அதிர்ந்து பேசாதவர். கோயிலில் வைத்தது ஆண்டவரிடம் வைத்தது என்று நினைத்துக்கொண்டோம். சாவி ஆண்டவர் இடுப்பில் இல்லை என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. படித்த எனக்கும் தோன்றவில்லை.

சாமியாருக்கு நம்பிக்கை வந்துவிட்டது. இந்த வருடம் குருத்து ஞாயிறு பவனி பாலத்தைத் தாண்டிக் கீழத்தெருவுக்குள் போகும் என்று அறிவித்தார். எங்கள் தெருவில் கோலம் போட்டோம். மாவிலை கட்டினோம். தெரு முனையில் ஒரு பானையில் மோர் வைத்தோம். பவனிக்கு வருகிற மேலத்தெருக்காரர்கள் குடிப்பார்களா மாட்டார்களா என்று பெண்கள் எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். நான் குடிப்பார்கள் என்ற கட்சி.

மோர்ப்பானை உடைந்த சத்தம் கொட்டகை வரை கேட்டது.

கல் நின்ற பிறகு நாங்கள் வெளியே வந்தோம். பாலத்தில் சிலுவை விழுந்து கிடந்தது. அவரும் கிடந்தார். முகம் மேல்நோக்கி. காதிலிருந்து ரத்தம். சட்டையில் சின்னதாகக் குத்திய குருத்தோலைச் சிலுவை அப்படியே இருந்தது. அற்புதத்தின் கை முறிந்து தொங்கியது. அவன் அந்தக் கையோடு அண்ணனைத் தூக்கப் பார்க்கிறான். முடியவில்லை. மறுபடி குனிகிறான். முடியவில்லை. பார்த்தவர்கள் யாரும் அவனை விலக்கத் துணியவில்லை.

தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரி. ஆம்புலன்ஸில் அய்யம்பேட்டை வழியாகப் போனோம். வழியெல்லாம் ஜனங்கள் குருத்தோலையோடு கோயிலிலிருந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். டூவீலரில், நடந்து, பஸ்ஸில். ஆம்புலன்ஸைப் பார்த்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். எனக்கு அவர்கள் மேல் எரிச்சலாக வந்தது. காரணமே இல்லாமல்.

பெரிய செவ்வாய் அன்று கண் விழித்தார். என்னைத் தெரிந்தது. ஆக்னஸைத் தெரிந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. சொன்னது எங்களுக்குப் புரிந்தது.

"யாரும் போவாதீங்க. தம்பிகிட்ட சொல்லு. யாரும் போவாதீங்க."

அதன்பிறகு பேசவில்லை. பெரிய வியாழன் காலையில் போய்விட்டார். டாக்டர்கள் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். அவர்கள் மேல் எனக்குக் குறை இல்லை.

கோயிலுக்குச் சீல் வைத்துவிட்டார்கள். அடுத்த கலவரம் வராமலிருக்க. ஆகவே அவருக்குக் கோயிலில் பூசை இல்லை. கல்லறைக்குப் போகிற பாதை மேலத்தெரு வழியாகப் போகிறது. அந்த வழியாகக் கொண்டுபோகப் போலீஸ் விடவில்லை. எங்கள் தெருச் சவப்பெட்டிகள் எப்போதும் வயல் வழியாகத்தான் போகும். இதுவும் அப்படியே போனது. வரப்பு குறுகல். தூக்குகிறவர்கள் உளுந்துக்குள் இறங்கித்தான் நடக்க வேண்டும். மறுபடியும் அந்த நெற்றுகள் வெடிக்கிற சத்தம். சாமியார் வரப்பில் நின்று தீர்த்தம் தெளித்தார். அழுதார். அவரை மாற்றிவிட்டார்கள். எங்கே இருக்கிறாரோ, தெரியாது. அவர் மேல் கோபம் உண்டா என்று கேட்டால், உண்டு. நல்ல எண்ணத்தின் மேல் வருகிற கோபம் ஆறுவதற்கு ரொம்ப நாளாகிறது.

குழிக்கு அருகில் தெருப் பையன்கள் எல்லோரும் நின்றார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. எனக்கு அது என்ன அர்த்தம் என்று தெரியும். என்ன நடக்கப்போகிறது என்றும் தெரியும். நான் அவர் சொன்னதைச் சொன்னேன். சத்தமாகச் சொன்னேன். யாரும் போகக்கூடாது. அவர் கடைசியாகப் பேசியது இதுதான். அற்புதம் கட்டுப்போட்ட கையைப் பெட்டியின் மேல் வைத்தான்.

"போவமாட்டோம் அண்ணி. நீங்க சொல்லிட்டீங்கல்ல. போவமாட்டோம்."

அவன் வார்த்தையை அவன் காப்பாற்றினான். ஒரு வருடம். இதை நான் சாட்சியாகச் சொல்கிறேன். கோர்ட்டிலும் சொன்னேன்.

அந்த ஒரு வருடத்தைப் பற்றித்தான் யாரும் கேட்பதில்லை. கல் விழுந்த நாளைக் கேட்கிறார்கள். எரிந்ததைக் கேட்கிறார்கள். எரியாமல் இருந்த நாட்களை யாரும் கேட்பதில்லை. அவைதான் கஷ்டம். காலையில் எழுந்ததும் கோபம் எனக்கு முன்னால் எழுந்து உட்கார்ந்திருக்கும். பல் தேய்க்கும்போது இருக்கும். மினி பஸ்ஸில் என்னோடு ஏறும். மேலத்தெரு நிறுத்தத்தில்தான் நானும் ஏற வேண்டும், அவர்களும் ஏறுவார்கள். அதே பஸ். என் இருக்கையைத் தொட்டுக்கொண்டு நிற்பார்கள். நான் ஜன்னல் வழியே நாற்றங்காலைப் பார்ப்பேன். பல்லைக் கடித்துக் கடித்து ஒரு கடைவாய்ப் பல் போய்விட்டது. பல் டாக்டர் ராத்திரியில் பல் கடிக்கிறீர்களா என்று கேட்டார். பகலில் என்றேன்.

மருந்துக்கடைக்கு மேலத்தெரு ஆட்கள் வருவார்கள். சர்க்கரை மாத்திரை, ரத்தக்கொதிப்பு மாத்திரை. கம்பு ஓங்கியவனின் அம்மாவும் வருவாள். இதய நோய்க்காரி. சீட்டை நீட்டுவாள், என் முகத்தைப் பார்க்க மாட்டாள். எந்த மாத்திரைக்கு எந்த மாத்திரையை மாற்றிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். படித்திருக்கிறேன். நான் சரியான மாத்திரையைத்தான் கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் சரியான மாத்திரை. காலை ஒன்று, இரவு ஒன்று என்று உறையில் எழுதியும் கொடுத்தேன். மனந்திரும்புதல் என்று புத்தகத்தில் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த மனந்திரும்புதல் அவ்வளவுதான்.

மாதம் ஒரு முறை கும்பகோணத்தில் பாவசங்கீர்த்தனம் செய்தேன். என்னைத் தெரியாத ஒரு வயதான சாமியார். ஒவ்வொரு மாதமும் ஒரே பாவம். ஒருநாள் அவர் சொன்னார்: "கோவம் வரும்மா. வர்றத நீங்க தடுக்க முடியாது. வந்ததுக்கு எல போட்டு சோறு போடாதீங்க, அவ்வளவுதான்." நான் வீட்டுக்கு வந்து அதை அற்புதத்திடம் சொன்னேன். அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எலும்பு கோணலாகச் சேர்ந்துவிட்டது. "எனக்குப் பசி இல்ல அண்ணி" என்றான். நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

கம்புகளை வைத்த கோயில் அறை எப்படித் திறந்தது என்பது யாருக்கும் தெரியாது. பூட்டு உடைந்து கிடந்தது. உடைத்துத் திறந்திருக்கிறார்கள் என்று போலீஸ் எழுதினார்கள். நாங்களும் அப்படித்தான் நம்பினோம்.

மறுவருடம் திருநீற்றுப் புதன். கோயில் இன்னும் சீல் வைத்தபடியே இருந்தது. சாம்பல் வாங்க அடுத்த ஊருக்குப் போனோம். சாயங்காலம் வீட்டில் இருக்கிறேன். கொல்லையில் அற்புதம் அடிபம்புக்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தான். வாசலில் ஒரு நிழல். லூர்துசாமி. நெற்றியில் சாம்பல். தனியாக வந்திருந்தார். எங்கள் தெருவில் அவர் கால் வைத்து நான் பார்த்ததில்லை.

வாசலுக்கு வந்தவரை உட்காரச் சொல்லிப் பழகிய வாய். "உக்காருங்க" என்றேன். பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டேன். உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். சொம்பில் கொடுத்தேன். வாய் வைத்துக் குடித்தார். மேலத்தெரு ஆள் எங்கள் வீட்டுச் சொம்பில் வாய் வைத்துக் குடித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். குடித்துவிட்டுச் சொம்பைக் கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டே இருந்தார்.

"நான்தாம்மா சாவியக் குடுத்தேன்."

கொல்லையில் ஸ்பேனர் திருகுகிற சத்தம் நின்றது.

"பூட்ட அப்பறந்தான் ஒடச்சானுங்க. எதுக்குக் கேக்குறானுங்கன்னு தெரியும். தெரிஞ்சுதான் குடுத்தேன். கால் எலும்பு ஒன்னு ரெண்டு ஒடைப்பானுங்க, அதோட முடிஞ்சிரும்னு நெனச்சேன். சவரி கம்பக் கொண்டாந்து வெச்சப்ப நான்தான் வாங்கி அடுக்குனேன். மன்னிச்சிருங்கம்மா. நாளைக்கி ஸ்டேஷனுக்குப் போயி சொல்லிடுவேன். மொதல்ல உங்ககிட்ட சொல்லணும்னு வந்தேன்."

அவர் அழவில்லை. நானும் அழவில்லை. எனக்குள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி அந்தச் சொம்பைப் பிடுங்கி அவர் முகத்தில் அடிக்கத் துடித்தாள். இன்னொருத்தி, இந்த மனுஷன் எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். எவள் ஜெயித்திருப்பாள் என்று சொல்லத் தெரியவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. அவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு எழுந்து கும்பிட்டார். போனார்.

கொல்லையில் ஸ்பேனர் விழுந்த சத்தம். கருங்கல்லில் இரும்பு விழுந்த சத்தம்.

"அம்மா! சித்தப்பா போறாரு! கையில அருவாம்மா!"

ஆக்னஸ் கத்துகிறாள். நான் ஓடுகிறேன். தெரு நீளமாக இருக்கிறது. அற்புதம் வயல் பக்கமாகச் சுற்றிப் பாலத்துக்குப் போய்விட்டான். லூர்துசாமி மெதுவாக நடக்கிறார். பாலத்தில் ஏறுகிறார். எனக்கு மூச்சு வரவில்லை. வந்த மூச்சில் கத்தினேன்.

"ஐயா! லூர்துசாமி ஐயா! ஓடுங்க! ஓடுங்க!"

அவர் ஓடவில்லை. என் குரல் கேட்டதும் நின்றார். திரும்பினார். என்னைப் பார்த்தார். அந்த முகத்தை நான் எப்படிச் சொல்வேன். அழைத்தது மன்னிக்கத்தான் என்று நினைத்திருக்கிறார். முகம் அப்படி மலர்ந்திருந்தது. என்னை நோக்கி ஒரு அடி எடுத்து வைத்தார். அவருக்குப் பின்னால் அற்புதம் வந்துவிட்டான்.

வெட்டுச் சத்தம் ஈரமாக இருந்தது. இரண்டு முறை கேட்டது.

பிறகு அற்புதம் அரிவாளைக் கீழே போட்டான். பாலத்துக் கட்டையில் உட்கார்ந்தான். ஓடவில்லை. போலீஸ் வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தான். நான் லூர்துசாமியின் தலையை மடியில் வைத்திருந்தேன். நெற்றியில் சாம்பலும் ரத்தமும் ஒன்றாகிவிட்டன. அவர் வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை.

"ஒரு வருஷம் பொறுத்தேன்ல அண்ணி?" என்றான் அற்புதம். என்னைப் பார்க்காமல் கேட்டான். "பொறுத்தேன்ல?"

பொறுத்தான். அதுவும் உண்மை.

இருட்டுவதற்குள் மேலத்தெரு வந்துவிட்டது. இந்த முறை கல் இல்லை. நெருப்பு. அறுவடை முடிந்து களத்தில் அடுக்கியிருந்த வைக்கோல் கட்டுகள் ஒவ்வொன்றாகப் பிடித்தன. வைக்கோல் எரிகிற சத்தம் மழை மாதிரி இருக்கும். எங்கள் ஆட்கள் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்கள். எதிர்க்கக் கையில் ஒன்றும் இல்லை. எங்கள் கம்புகள் எல்லாம் வழக்குச் சாட்சியமாக இன்னும் கோர்ட்டில் இருக்கின்றன.

என்னிடம் சிலர் வந்து கேட்கிறார்கள். கோபத்தை விட்டதால்தானே இவ்வளவும் என்று. இன்னும் சிலர், கோபத்தை விடாததால்தானே என்று. இரண்டு கேள்விக்கும் எங்கள் ஊரில் ஆள் செத்திருக்கிறது. ஒருவர் ஆயுதத்தைக் கீழே வைத்ததால் செத்தார். ஒருவர் பாவத்தை வாய்விட்டுச் சொன்னதால் செத்தார். மறைக்கல்வி வகுப்பை நான் விட்டுவிட்டேன். தலையான பாவங்களில் கோபம் வரும்போது பிள்ளைகள் என் முகத்தைப் பார்ப்பார்கள். ஜெபிக்கிறேன். பழக்கம். பதில் வரும் என்று இல்லை.

மறக்காமலிருக்க இதை எழுதுகிறேன். எண்ணிக்கையும் எழுதிவிடுகிறேன்.

சவரி. கீழத்தெரு. என் கணவர். லூர்துசாமி. மேலத்தெரு. கோயில்பிள்ளை. இறந்தவர்கள் இருவர்.

அற்புதம் உயிரோடு இருக்கிறான். சிறையில். அவன் இடது கை கோணலாக இருக்கிறது. நாங்கள் இழந்த ஆட்கள் வரிசையில்தான் அவனையும் எழுத வேண்டும். அவனுக்குப் பேசி முடித்திருந்த பெண்ணைத் திருவாரூரில் வேறு இடத்தில் கட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

கண் ஒன்று. குருத்து ஞாயிறு அன்று என் முன்னால் நடந்தவளுடையது.

கறவை மாடு ஒன்று, கன்றோடு. களத்தில் கட்டியிருந்தார்கள். யாரும் அவிழ்க்கவில்லை.

ஒரு வருட வைக்கோல், இரண்டு தெருவுக்கும். நெருப்புக்கு வாய்க்கால் ஒரு பொருட்டில்லை.

கோயில் ஒன்று. பூட்டியிருக்கிறது. உள்ளே நற்கருணைப் பேழை வெறுமையாக இருக்கிறது என்று சொன்னார்கள். மணி அடிக்க ஆள் இல்லை.

ஆக்னஸ் என்னோடுதான் இருக்கிறாள். பேசுவாள். பாலத்தைத் தாண்ட மாட்டாள். படிப்பை நிறுத்திவிட்டாள். பஸ் அந்தப் பக்கம்தான் நிற்கிறது.

கடைசியாக ஒன்று. லூர்துசாமி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டார். அது என்னிடம் இருந்ததா என்று எனக்கே தெரியாது. இருந்திருந்தாலும் கேட்டவர் இல்லை. அதையும் இந்த எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.